முதலில் தராசு, பிறகு சொட்டு மருந்து

தோட்டத்துக்கு ஒரு நாய் வேண்டும் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் இப்போது பல தோட்டத்து வீடுகளில் சிப்பிப்பாறை, நாட்டு நாயோடு சேர்ந்து பொமரேனியனும் டாஷ்ஹண்டும் வளர்கின்றன. பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள், வாங்கித் தருகிறோம். வந்த பிறகு பெரிய நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையே இந்தச் சின்ன நாயின் முதுகிலும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இது பெரிய ஆபத்து என்பது என் கருத்து.

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கணக்குப் பார்த்தவன் நான். அதனால் கணக்காகவே சொல்கிறேன். பிடரியில் விடும் பிப்ரோனில் சொட்டு மருந்தில், 10 கிலோ வரை உள்ள நாய்க்கு ஒரே அளவுக் குப்பிதான். 0.67 மில்லி, அதில் சுமார் 67 மில்லிகிராம் மருந்து. 10 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 6.7 மில்லிகிராம். இரண்டரை கிலோ நாய்க்கு ஏறக்குறைய 27. குப்பி ஒன்றுதான், வட்டி மட்டும் நான்கு மடங்கு! பிப்ரோனிலைச் சரியான குப்பியில் போட்டால் பெரும்பாலான நாய்கள் தாங்கிக்கொள்ளும். பெரிய நாயின் குப்பியைப் பாதி பாதியாகப் பிரித்து விடும்போது இந்தக் கணக்கும் கைவிட்டுப் போகிறது. சின்ன நாய்க்கு உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம்.

இது வெறும் பயம் இல்லை. 2008-இல் இப்படிச் சொட்டு மருந்து போட்ட பிராணிகளுக்குப் பாதிப்பு என்று அமெரிக்காவில் 44,000-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. தோல் அரிப்பு முதல் வலிப்பு, சாவு வரை அதில் இருந்தன. எல்லாமே மருந்தால்தான் என்று நிரூபணமானவை அல்ல. ஆனாலும் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2009-இல் ஆய்வைத் தொடங்கி, 2010-இல் முடிவைச் சொன்னது. அதிகம் பாதிக்கப்பட்டவை நாலரை முதல் ஒன்பது கிலோ வரையிலான சிறிய நாய்கள். அடிக்கடி அடிபட்ட இனங்களில் சிவாவா, ஷிட்சூவோடு நம் ஊர் வீடுகளில் உள்ள பொமரேனியனும் டாஷ்ஹண்டும் உண்டு. எடைப் பிரிவுகளைக் குறுக்க வேண்டும், எச்சரிக்கையைத் தெளிவாக அச்சிட வேண்டும் என்று அந்த முகமை கேட்டது.

நம் ஊர் நிலைமை இதைவிட மோசம். மாட்டு உண்ணிக்குத் தண்ணீரில் கலந்து தெளிக்கிற டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், அமிட்ராஸ் பாட்டிலைத்தான் நாய்க்கும் எடுக்கிறார்கள். கேட்டால், "மாட்டுக்கே போடறோம், நாய்க்கு என்ன சார் ஆகப்போகுது?" என்கிறார்கள். மாடு 300 கிலோ, குட்டி 3 கிலோ. பாட்டில் மூடிதான் அளவு என்றால் என்ன ஆகும்? அமிட்ராஸ் சிவாவாவுக்கும் சிறு குட்டிகளுக்கும் ஆகவே ஆகாது. நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனையின் உயிரையே வாங்கும். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

நமக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நெல்லிலிருந்தும் கரும்பிலிருந்தும் நாம் விரட்டிய அதே பிப்ரோனில்தான் நாயின் முதுகில் ஏறுகிறது. இங்கிலாந்தில் 20 ஆறுகளில் எடுத்த நீர் மாதிரிகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டார்கள். 98 சதவீத மாதிரிகளில் பிப்ரோனில் இருந்தது. அங்கே வயலில் அதற்கு இடமில்லை. செல்லப் பிராணிகளின் மருந்திலிருந்துதான் வந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மருந்து போட்ட நாய் நம் பண்ணைக் குட்டையில் இறங்கினால் அங்கே என்ன சேரும் என்று யோசியுங்கள்.

அதற்காக மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்ணிக் காய்ச்சல் நாயைக் கொல்லும். எர்லிகியா, பெபீசியா வந்த நாய்க்கு ரத்தம் வற்றிப்போகும். "இயற்கை மருந்துதானே" என்று கையில் கிடைத்ததைப் பூசுவதும் தப்பு. புகையிலைக் கரைசலும் இயற்கைதான், நிக்கோட்டின் விஷம். டீ ட்ரீ எண்ணெயைக் கலக்காமல் பூசினால் சிறிய நாய்க்குக் கை கால் நடுக்கம் வரும். அளவு தெரியாத இயற்கைப் பொருளும் ரசாயனம் மாதிரிதான்.

என் யோசனை இதுதான். பழுப்பு நாய் உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சுவர் விரிசலிலும் படுக்கையிலும்தான் கழிக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் வைத்தியத்தை இடத்திலிருந்து தொடங்குங்கள். விரிசலைப் பூசுங்கள், சாக்கை வெயிலில் போடுங்கள், நாய் படுக்கும் மூலையைத் தினமும் பெருக்குங்கள். காது மடல், விரலிடுக்கை தினம் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கையால் நசுக்க வேண்டாம்.

அதற்கும் அடங்காவிட்டால் நாயை நிறுத்துப் பார்த்து, எடையோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள். மருந்து போட்ட அன்று நாய் பக்கத்திலேயே இருக்கட்டும், நக்க விடாதீர்கள். எச்சில் ஒழுகல், நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி, இதில் எது தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு மருந்து விட்ட இடத்தைக் கழுவி, மருந்து அட்டையோடு டாக்டரிடம் ஓடுங்கள். வலிப்பு வந்துவிட்டால் கழுவுவதற்காக நிற்க வேண்டாம். வாயில் எண்ணெயோ பாலோ ஊற்ற வேண்டாம்.

அரசிடமும் மருந்துக் கம்பெனிகளிடமும் நாம் கேட்க வேண்டியது: அட்டையில் தமிழில், படிக்கிற அளவு எழுத்தில், எடைவாரியாக அளவு போடுங்கள். கால்நடை முகாமில் நாயை நிறுக்க ஒரு தராசு வையுங்கள். பாதிப்பு வந்தால் பதிவு செய்ய ஒரு வழி சொல்லுங்கள். அது வரும்வரை நம் குழுக்களே ஒரு நோட்டுப் போடலாம். தேதி, மருந்து, நாயின் எடை, என்ன நடந்தது என்ற நான்கு பத்தி போதும். எழுதி வைத்த கணக்குக்குத்தான் அதிகாரி பதில் சொல்வார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.