எமிலியா வாய் திறந்த நேரம்



'ஒத்தெல்லோ' நாடகம் என்றதும் எல்லோரும் டெஸ்டிமோனாவுக்காகத்தான் கண்ணீர் விடுகிறார்கள். நானும் அப்படித்தான் அழுதேன். ஆனால் இரண்டாம் முறை படித்தபோது என்னை உலுக்கியவள், அவளுக்குப் பணிவிடை செய்யும் எமிலியா.

ஷேக்ஸ்பியரின் இந்த நாடகம் 1604-ல் லண்டன் ஒயிட்ஹால் அரண்மனையில் நடிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் பெண் வேடங்களையும் பையன்களே போட்டார்கள். நாடகத்தில் பெண் பாத்திரங்கள் மொத்தமே மூன்று: டெஸ்டிமோனா, எமிலியா, பியாங்கா. படைவீரர்களும் பிரபுக்களும் நிறைந்த அந்த மேடையில் உண்மையைப் போட்டு உடைத்தது யார்? ஒரு பணிப்பெண்தான்!

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். படைத்தலைவன் ஒத்தெல்லோ மனைவிக்குக் கொடுத்த முதல் பரிசு ஒரு கைக்குட்டை. அது தவறி விழ, எமிலியா எடுத்துத் தன் கணவன் இயாகோவிடம் கொடுக்கிறாள். எதற்கு என்று கேட்டால் அவன் சொல்லவில்லை. அதையே சாட்சியாக்கி, டெஸ்டிமோனா நடத்தை கெட்டவள் என்று ஒத்தெல்லோவை நம்ப வைக்கிறான் அந்தப் பாவி. கைக்குட்டை எங்கே போச்சு என்று டெஸ்டிமோனா தவிக்கும்போது, எமிலியா தெரியாதென்று சொல்லிவிடுகிறாள்.

"அவளுக்குச் சதி தெரியாதே, அவள் மேல் என்ன தப்பு?" என்று என் வகுப்புத் தோழி சண்டைக்கே வந்துட்டாள். நியாயம்தான். ஆனால் கைக்குட்டை யாரிடம் போனது என்று தெரியுமே! புருஷனைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் நாக்கைக் கட்டிவிட்டது.

இந்தக் கதையின் கரு, 1565-ல் வெளியான சிந்தியோவின் இத்தாலியக் கதையில் இருக்கிறது. அதில் வில்லனின் மனைவி எல்லாம் தெரிந்தும் கணவனுக்குப் பயந்து மூச்சு விடவில்லை, பிழைத்தும் கொள்கிறாள். ஷேக்ஸ்பியர் அதை மாற்றினார். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகும்படி இயாகோ மிரட்டியும் எமிலியா நகரவில்லை. முழுவதையும் சொல்லி, அவன் கையாலேயே குத்துப்பட்டுச் சாகிறாள். ஆனால் அதற்குள் டெஸ்டிமோனா பிணமாகிவிட்டாள்.

இதைப் படித்தபோது எனக்கு என் ஞாபகம்தான் வந்தது. முதலாண்டில் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மைக்ரோமீட்டர் விழுந்து கெட்டுப்போனது. பழி ஒரு தோழி மேல் விழுந்தது. கீழே போட்டது யார் என்று நான் பார்த்தேன். 'நமக்கேன் வம்பு' என்று சும்மா இருந்துட்டேன். அபராதம் கட்டியது அவள். இன்றும் அவள் சிரித்துப் பேசும்போது எனக்கு உள்ளே குத்துகிறது. இந்த மலரில்தான் முதல்முறையாக இதைச் சொல்கிறேன்.

அடக்கம் வேறு, வாயடைத்து நிற்பது வேறு. எமிலியாவுக்குத் தைரியம் இருந்தது, நேரம்தான் தப்பிப்போச்சு. தோழிகளே, தோழர்களே! நாமாவது நேரத்தோடு பேசுவோமா?