கொக்கு வடிவில் ஒரு கட்டடம்

திருப்பூரின் நஞ்சராயன் குளம் போன்ற பறவைகள் சரணாலயம் என்றால் அதன் பார்வையாளர் மையமும் பறவை வடிவத்தில்தான் இருக்க வேண்டுமா? ‘இயற்கையைத் தழுவிய வடிவமைப்பு’ என்ற பெயரில் சுற்றும் படங்களைப் பார்த்து இந்த வாரம் முழுக்க எரிச்சல். இறக்கை விரித்த கூரை, முட்டை வடிவ அரங்கம், கூடு மாதிரி வாசல். ஹைதராபாத்தில் தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியம் மீன் வடிவக் கட்டடத்திலேயே இயங்குகிறது. வேடிக்கை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மீனைப் பற்றி அந்தச் சுவர்கள் எதையும் சொல்லித் தருவதில்லை. பூங்காக்களில் வாய் பிளந்து குப்பை கேட்கும் பென்குயின் தொட்டிமீதும், மரக்கட்டை வேஷம் போட்ட சிமென்ட் பெஞ்சுமீதும் எனக்குப் பழைய பகை உண்டு. அந்தப் பகையின் பெரிய பட்ஜெட் பதிப்புதான் இந்தக் கட்டடங்கள்.

இயற்கையைப் பார்த்துக் கட்டியது என்றதும் எல்லோரும் காட்டுவது ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் 1996-இல் திறக்கப்பட்ட ஈஸ்ட்கேட் மையத்தை. மிக் பியர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கரையான் புற்றைப் பார்த்து, வழக்கமான ஏசி இல்லாமல் அதைக் குளிர வைத்தார் என்பார்கள். புற்றுக்குள் காற்று அப்படி ஓடுவதில்லை, அது வெப்பத்தைச் சீராக்குவதைவிட மூச்சு விடுவதற்கான ஏற்பாடு என்று ஸ்காட் டர்னரும் ரூபர்ட் சோரும் 2008-இல் எழுதினார்கள். ஆனாலும் கட்டடம் குளிர்கிறது. கனமான சுவரும் தளமும் பகல் சூட்டை வாங்கிக்கொள்கின்றன, இரவில் உள்ளே வரும் குளிர்ந்த காற்று அதை வெளியேற்றுகிறது. வேலை செய்தது இந்தக் கணக்குதான், கரையானின் சாயல் அல்ல. திருப்பூருக்கும் ஒரு கணக்கு உண்டு. தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே சுழற்றி அடிக்கிறது, மழை குறைவு, வெயில் அதிகம். எனவே இங்கே மையத்துக்கு வேண்டியது தடித்த மண் சுவர், ஓட்டுக் கூரை, ஆழமான திண்ணை, மேற்கிலிருந்து கிழக்கே காற்று போக வழி, பறவைகள் மோதிச் சாகாதபடி குறைந்த கண்ணாடி. கட்டடத்தைப் பற்றி நான் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

சொல்ல நிறைய இருப்பது தண்ணீரைப் பற்றி. நஞ்சராயன் குளம் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயம். 2024 ஆகஸ்டில் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஏறத்தாழ 126 ஹெக்டேர், 191 வகைப் பறவைகள். குளத்துக்கு நீர் தருவது நல்லாற்று வழியாக வரும் மழைநீர். அந்த மழைநீர் மக்கள் நெருங்கி வாழும் பகுதிகளைக் கடந்துதான் வருகிறது. வழியில் தண்ணீர் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதே வட்டாரத்தில் ஒரு பாடம் உண்டு: பாசனத்துக்காக நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு தேங்கும் தொட்டியானது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரித்தால் அழுக்கு குறையும், உப்பு போகாது. அந்த உப்புதான் நொய்யலோரத்துக் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் ‘பூஜ்ஜியக் கழிவு’ முறை உண்மையிலேயே வேகம் பிடித்தது. கழிவை சவ்வுகளில் அழுத்தி வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்க வைத்து, மீண்ட தண்ணீரையும் உப்பையும் மறுபடி சாயத்தொட்டிக்கே அனுப்புகிறார்கள். ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவு என்ற காட்டின் விதிக்கு இந்த ஊரில் இவ்வளவு கிட்டத்தில் வந்த கட்டுமானம் வேறில்லை. நஞ்சராயன் குளத்து மையத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க வேண்டியது பஞ்சடைத்த நாரையை அல்ல, இந்தக் குழாய்களின் மாதிரியை.

பறவை பார்க்க வந்த பிள்ளைகளிடம் ஊரின் பழைய அவமானத்தைக் கிளற வேண்டுமா என்பார்கள். பூஜ்ஜியக் கழிவு முறை மின்சாரத்தையும் எரிபொருளையும் விழுங்குகிறது, எதற்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்கிறது, இதைப் போய் இயற்கை என்பதா என்றும் கேட்பார்கள். இரண்டாவது கேள்வி நியாயமானது. அந்த உப்பு மூட்டையையும் காட்சியில் வைத்துவிடலாம், முடியாத கதையை முடிந்ததாகக் காட்ட வேண்டியதில்லை. முதல் கேள்வியை நான் ஏற்கவில்லை. வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயத்தில் எந்தக் கட்டடமும் பாடம் நடத்தாமலே ஊர்மக்கள் பறவைகளைக் காத்தார்களே என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். அங்கே எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நேராக வயலுக்குப் போனது, பறவையால் வந்த லாபம் விவசாயியின் கண்ணுக்கே தெரிந்தது. பனியன் கம்பெனியில் வேலை செய்பவருக்கும் குளத்து நாரைக்கும் உள்ள தொடர்பு சாக்கடைக்குள் ஒளிந்திருக்கிறது. யாராவது எடுத்துக் காட்டினால்தான் தெரியும், மையம் வேண்டியது அதற்காகத்தான்.

அப்படியானால் அது யாரிடம் பேச வேண்டும் என்பதும் தெளிவு. தையல் மெஷினிலும் சாயப்பட்டறையிலும் நிற்கிறவர்களில் கணிசமானோர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு ஓய்வு கிடைப்பது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அன்று மையம் திறந்திருக்க வேண்டும், பலகைகளில் தமிழுக்குக் கீழே ஒடியாவும் இந்தியும் இருக்க வேண்டும். இந்தியைச் சொன்னதற்குச் சிலர் என்னுடன் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், குழாயில் எது போகிறது என்பது குழாயைத் திறக்கிறவருக்குத்தான் முதலில் புரிய வேண்டும்.