முகம் பார்த்துப் பேசுவோம்

பக்கத்தில் இருப்பவர் கொட்டாவி விட்டால் நமக்கும் கொட்டாவி வருகிறது. பொக்கை வாய்க் குழந்தை சிரித்தால், கோபத்தில் இருப்பவருக்கும் உதடு விரிந்துவிடுகிறது. சோறு ஊட்டும் தாய் தன்னையறியாமல் தானும் வாயைத் திறக்கிறாள். நாள்தோறும் நாம் காணும் இந்தச் சிறு செயல்களுக்குள் ஓர் உண்மை இருக்கிறது. பிறர் முகத்தை நம் முகம் பின்பற்றுகிறது. அவர் மனத்தை நாம் அறிய அது துணை செய்கிறது.

சுவீடன் நாட்டு உளவியலாளர் உல்ஃப் டிம்பெர்க் 1982-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முக்கியமானது. சிலருடைய கன்னத்திலும் புருவத்திலும் மின்முனைகளை ஒட்டி, சிரித்த முகங்களையும் சினந்த முகங்களையும் படமாகக் காட்டினார். சிரித்த படத்துக்குக் கன்னத் தசையும், சினந்த படத்துக்குப் புருவத் தசையும் வேலை செய்தன. இத்தகைய அசைவு பல நேரம் கண்ணுக்கே தெரியாது, கருவிதான் காட்டிக்கொடுக்கும்.

2007-இல் வந்த மற்றோர் ஆய்வில் நம்மவர் ஒருவருக்கும் பங்கு உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவில் புகழ்பெற்ற நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன்தான் அவர். அவரும் லிண்ட்சே ஓபர்மன், பியோட்டர் விங்கீல்மன் ஆகியோரும் சேர்ந்து, சிலரைப் பேனாவைப் பல்லால் கடித்துக்கொள்ளச் சொல்லி முகப் படங்களைக் காட்டினார்கள். வாய்த் தசைகள் இப்படிக் கட்டுண்டபோது, மகிழ்ச்சியான முகத்தை அடையாளம் காண்பதில் தடுமாற்றம் ஏற்பட்டது. அச்சத்தையும் துயரத்தையும் அறிவதில் அப்படி ஏற்படவில்லை.

நான் டிப்ளமா படித்த ரயில்வே பொறியாளன். எனக்குப் புரிந்த வகையில் சொன்னால், ஒரே சுருதியில் கூட்டிய இரு வீணைகளில் ஒன்றை மீட்டினால் மற்றதன் தந்தியும் மெல்ல அதிரும் அல்லவா? முகமும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் இதை மிகைப்படுத்தவும் கூடாது. மோபியஸ் என்னும் பிறவிக் குறையால் முகத்தை அசைக்க இயலாத 37 பேரை ஆராய்ந்து 2010-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களும் மற்றவர்களைப் போலவே பிறர் உணர்ச்சிகளை அடையாளம் கண்டார்கள். ஆகவே முகப் பின்பற்றல் ஒரு துணையே தவிர, அது ஒன்றே வழி அன்று. முதலில் வேண்டியது, எதிரில் இருப்பவரைக் கவனித்துப் பார்ப்பது.

இந்தப் பார்வையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை ‘மெய்ப்பாடு’ என்று பெயரிட்டு, அதற்கென ஓர் இயலையே தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. நாம் குடியேறி வாழும் இந்தத் திருவனந்தபுரத்திலோ, முகத்தை ஒரு மொழியாகவே வளர்த்த கலை இருக்கிறது. கதகளி நடிகர் வாய் திறந்து பேசுவதில்லை. பாடகர்கள் பின்னால் நின்று பாட, கண்ணும் புருவமும் கன்னமும் கைமுத்திரையும் கதை சொல்கின்றன. பதங்களின் பொருள் முழுதும் விளங்காத தமிழரும் வீரத்தையும் சோகத்தையும் புரிந்துகொள்கிறார்கள். ஆட்டம் நடக்கும்போது ஒருமுறை மேடையை விட்டு ரசிகர்களைத் திரும்பிப் பாருங்கள். பல முகங்களில் நடிகரின் முகம் லேசாகத் தெரியும்.

இதை நான் எழுதக் காரணம் நம் வீடுகளின் நிலைமை. வேலைக்காக இங்கு வந்த நம் தலைமுறை, மலையாளம் தெரியாத நாட்களில் சாலைக் கடைத்தெருவிலும் தம்பானூரிலும் எதிராளியின் முகத்தைப் பார்த்தே பாதி வாழ்க்கையை நடத்தியது. இன்று பேரக்குழந்தைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வளர்கிறார்கள். பாட்டியின் தமிழ் அவர்களுக்குப் பாதிதான் எட்டுகிறது. மொழி குறையும் இடத்தில் முகமாவது பாலமாக இருக்க வேண்டும். ஆனால் அவர்களுடைய கண்களோ கைப்பேசியில் இருக்கின்றன. பெரியவர்களாகிய நாமும் இதில் சளைத்தவர்கள் அல்லர்.

நம் வயதானவர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. மூட்டு வலி உயிர் போகும்; கேட்டால், “ஒண்ணுமில்லைப்பா, நீ போய்ப் படி” என்பார்கள். மகன் வெளியூரிலிருந்து அழைக்காத வருத்தம் நெஞ்சை அடைக்கும். அதற்கும் “ஒண்ணுமில்லை” என்பதுதான் பதில். காதால் மட்டும் கேட்பவனுக்கு அங்கே பேச்சு முடிந்துவிடுகிறது. நிமிர்ந்து முகத்தைப் பார்ப்பவனுக்கோ அங்குதான் பேச்சு தொடங்குகிறது. எத்தனை வீடுகளில் பெரியவர்களின் நோய் முற்றிய பிறகே வெளியே தெரிகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே அன்பர்களுக்கு மூன்று யோசனைகள். இரவு உணவு வேளையில் மட்டுமாவது கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். நம் சங்கக் கூட்டங்களில் வரிசையாக நாற்காலி போட்டு ஒருவர் பிடரியை மற்றவர் பார்க்கும் வழக்கத்தை விட்டு, இயன்றபோது வட்டமாக அமர்வோம். முதியவர்களும் சிறுவர்களும் எதிரெதிரே இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் பிள்ளைகளை இங்கு நடக்கும் கதகளிக்கு அழைத்துச் சென்று, முகத்தைப் படிக்கக் கற்றுக்கொடுப்போம்.

இவற்றுக்குப் பணம் பெரிதாக வேண்டாம். செயற்குழுத் தீர்மானம்கூட வேண்டாம். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்க நாம் எடுக்கும் முயற்சி போற்றத்தக்கதே. அத்துடன், தாத்தா பாட்டியின் முகத்தைப் படிக்கவும் அவர்கள் கற்கட்டும்.