ஐந்தாண்டு வரிக்கு ஆயுள் எத்தனை?

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஓட்டும் டிப்பர் லாரிக்காரரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். டீசலுக்கு அடுத்து அவர் வாயில் வருவது டயராகத்தான் இருக்கும். சுரங்கத்துக்குள் இறங்கி ஏறும் பாதையில் கூர்க்கற்கள் டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். நெடுஞ்சாலை வண்டியின் தேய்மானக் கணக்கு இங்கே செல்லாது. பத்துச் சக்கர வண்டியில் முன்னால் மட்டும் புது டயர், பின்னால் ரீட்ரேடிங் செய்தது என்று ஒப்பேற்றுகிறவர்கள் அதிகம்.

அங்கிருந்து மேற்கே வந்து, பெரம்பலூரைத் தாண்டித் திருச்சி சாலையில் போனால் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். டயர் ஆலை. டயர் செய்கிற ஊருக்கும் டயர் தேய்கிற ஊருக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால், இரண்டு ஊர்களின் கணக்கையும் மாற்றக்கூடிய பரிந்துரை ஒன்று எழுதப்படுவது டெல்லி நாடாளுமன்ற வீதியில், ஜீவன் தாரா கட்டடத்தில். வர்த்தகத் தீர்வுகள் தலைமை இயக்குநரகம், சுருக்கமாக டிஜிடிஆர், அங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டு ரசாயனங்களுக்குப் பொருள் குவிப்புத் தடுப்பு வரி போடலாமா, போட்ட வரியை நீட்டிக்கலாமா என்று விசாரிப்பது அதன் வேலை. அது பரிந்துரைக்கும், வரியைப் போடுவது நிதி அமைச்சகம்.

வரியின் சூத்திரம் எளிது. ஒரு வெளிநாட்டு ஆலை தன் ஊரில் 100 ரூபாய்க்கு விற்கும் சரக்கை நம் துறைமுகத்தில் 70 ரூபாய்க்கு இறக்கினால், அது குவிப்பு; இடைவெளி 30 ரூபாய். நம் ஆலைக்குக் கட்டுப்படியாகும் விலைக்கும் அந்த இறக்குமதி விலைக்கும் உள்ள இடைவெளி 20 ரூபாய்தான் என்றால் வரியும் 20 ரூபாய்தான். இரண்டில் குறைந்ததைப் போடுவது இந்திய வழக்கம்; நல்ல வழக்கம். 1975-ஆம் ஆண்டு சுங்கத் தீர்வைச் சட்டத்தின் 9ஏ பிரிவு இந்த வரிக்கு ஐந்தாண்டு ஆயுள் தருகிறது. அதே பிரிவு, மறு ஆய்வு செய்து மேலும் ஐந்தாண்டுகள் வரை நீட்டிக்கவும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நான் பேச வந்தது அந்தக் கதவைப் பற்றித்தான்.

இந்தியா எடுத்த முதல் குவிப்பு வழக்கே ஒரு ரசாயனப் பொருளைப் பற்றியது. 1992-இல் பிரேசில், மெக்சிகோ, தென் கொரியா, அமெரிக்காவிலிருந்து வந்த பி.வி.சி. பிசின் அது. பெரம்பலூர் மானாவாரிச் சீமையில் போர்வெல்லுக்குள் இறக்குகிறார்களே, அந்தக் குழாய்க்கு மூலப்பொருள். அன்று தொடங்கி இன்றுவரை, இத்தகைய வழக்குகளை உலகில் அதிகம் தொடுக்கும் நாடுகளின் வரிசையில் இந்தியா முன்னணியில் நிற்கிறது. அவற்றிலும் ரசாயனங்களுக்கே முதலிடம்.

2025-இல் வந்த அறிவிப்புகளில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஒன்று, கரையாக் கந்தகம். சாதாரணக் கந்தகத்தை ரப்பரில் கலந்தால் ஆறும்போது மேற்பரப்பில் பொடியாகப் பூத்துவிடும். பிறகு அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாது. கரையாக் கந்தகத்தில் அந்தத் தொல்லை இல்லை என்பதால் ரேடியல் டயர் ஆலைக்கு அது இல்லாமல் ஆகாது. சீனா, ஜப்பானிலிருந்து வருவதற்கு டன்னுக்கு 358 டாலர் வரை வரி போட்டார்கள். இன்னொன்று, பீடா என்ற இடைநிலை ரசாயனம். அதிலிருந்துதான் பிரிட்டிலாகுளோர் களைக்கொல்லி தயாராகிறது. சீனச் சரக்குக்கு டன்னுக்கு 1,305.6 முதல் 2,017.9 டாலர் வரை.

பிரிட்டிலாகுளோர் என்ற பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் புதிதல்ல. திருமானூர், தா.பழூர் பக்கம் நடவு முடிந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வயலில் மெல்லிய தண்ணீரை நிறுத்தி, மருந்தை மணலில் பிசறி, கையால் வீசிக்கொண்டே போவார்கள். களை முளைப்பதற்கு முன்பே அடக்கும் மருந்து. கை களைக்கு ஆள் கிடைக்காத காலத்தில் அது இல்லாமல் நடவு ஏது?

இந்த வரி ஏக்கருக்கு எவ்வளவு என்று தாளில் போட்டுப் பார்த்தேன். ஐம்பது சதவீத மருந்து அரை லிட்டர் என்றால், உள்ளே இருக்கும் சரக்கு 250 கிராம். அதைச் செய்ய ஏறத்தாழ 190 கிராம் பீடா வேண்டும். உச்ச வரி முழுவதும் விவசாயியின் தலையில் இறங்கினாலும், டாலர் 85 ரூபாய் கணக்கில், ஏக்கருக்கு 30, 35 ரூபாய். கரையாக் கந்தகத்துக்கும் இதே கதைதான். ஒரு லாரி டயரில் முக்கால் கிலோ இருக்கும் என்று தாராளமாக வைத்தாலும் டயருக்கு 23 ரூபாய்.

இவ்வளவுதானா என்று கேட்பீர்கள். இவ்வளவுதான். சிக்கலும் இதில்தான் இருக்கிறது. 35 ரூபாய்க்காக எந்த விவசாயி டெல்லிக்கு மனு எழுதுவார்? எதிர்ப்பக்கம் மனு கொடுப்பவர்கள் ஒன்றிரண்டு ஆலைகள். அவர்களுக்கு அதே வரி கோடிக்கணக்கில் வரவு. வழக்கறிஞர், செலவுக் கணக்காளர், இறக்குமதிப் புள்ளிவிவரம் என்று கட்டுக்கட்டாக வருவார்கள். கொடுப்பவர்கள் ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடக்க, பெறுபவர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் வழக்கு இது.

எல்லா வரியும் 23 ரூபாய் வரியாக இருப்பதில்லை. 2017 செப்டம்பரில் சீனாவிலிருந்து வரும் பஸ், லாரி ரேடியல் டயருக்கே டன்னுக்கு 245.35 முதல் 452.33 டாலர் வரை வரி போடப்பட்டது. டயர் ஒன்று 55 கிலோ என்றால், அன்றைய டாலர் மதிப்பில் 850 முதல் 1,600 ரூபாய். பத்துச் சக்கரத்துக்கும் மாற்றினால் 8,500 முதல் 16,000 ரூபாய். சீன டயர் வாங்காதவரும் தப்ப முடியாது. இறக்குமதி விலை ஏறினால் உள்நாட்டு விலைக்கும் ஏறுவதற்கு இடம் கிடைத்துவிடும். 2019-இல் அதே டயர்கள்மீது மானியத்துக்கு ஈடான வரி 9.12 முதல் 17.57 சதவீதம் வரை தனியாக வந்தது.

இங்கே ஒரு வேடிக்கை. டயர் எடையில் கால் பங்கு கார்பன் பிளாக் என்ற கரித்தூள். சீனா, ரஷ்யாவிலிருந்து வரும் கார்பன் பிளாக்மீது இருந்த வரி 2015 நவம்பரில் மேலும் ஐந்தாண்டு நீட்டிக்கப்பட்டது. அந்த வரி வேண்டாம், எங்கள் செலவு ஏறுகிறது, ஏற்றுமதி படுக்கிறது என்று வாதாடியது டயர் தொழில். வெளிநாட்டு டயருக்கு வரி வேண்டும், எங்கள் ஆலை படுக்கிறது என்று கேட்டதும் அதே டயர் தொழில்தான். குறை சொல்லவில்லை, இரண்டு வாதமும் உண்மையாகவே இருக்கலாம். வாங்கும்போது சுதந்திர வணிகம், விற்கும்போது பாதுகாப்பு. வியாபாரத்தில் யாரும் வேறு மாதிரி பேசுவதில்லை. ஆனால், இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி அரியலூர் லாரிக்காரர். அவர் யாரிடமும் வரி கேட்க முடியாது.

குவிப்பு என்பதே கட்டுக்கதை என்று சொல்பவர்களோடு நான் இல்லை. பென்சிலின்-ஜி நினைவிருக்கட்டும். ஒரு காலத்தில் இந்திய ஆலைகள் செய்துவந்த மருந்து மூலப்பொருள். சீன விலையோடு போட்டியிட முடியாமல் 2000-களில் ஒவ்வொன்றாக மூடின. பிறகு முழுக்க இறக்குமதி. கொரோனா வந்து, சரக்கு வரத்து நின்றுவிடுமோ என்ற பயம் பிடித்த பிறகுதான் 2020-இல் அரசு உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. காக்கிநாடா அருகே மறுபடி ஆலை ஓடத் தொடங்க 2024 ஆயிற்று. மூடிய ஆலையைத் திறக்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஐந்தாண்டு வரி மலிவு. அதனால், சேதம் நிரூபிக்கப்பட்டால் முதல் ஐந்தாண்டு வரியைத் தயங்காமல் போட வேண்டும் என்பதே என் நிலை.

இரண்டாவது ஐந்தாண்டில்தான் மாறுபடுகிறேன்.

முதல் வழக்கில் குவிப்பு நடந்தது, சேதம் வந்தது என்று காட்ட வேண்டும். நீட்டிப்பு வழக்கிலோ, வரியை எடுத்தால் குவிப்பு திரும்ப வரும் வாய்ப்பு உண்டு என்று காட்டினால் போதும். சீனாவில் தேவைக்கு மேல் உற்பத்தித் திறன் இருக்கிறது என்ற ஒற்றை வரி அதற்குப் பெரும்பாலும் உதவிவிடும். எந்த ரசாயனத்தில்தான் இல்லை? விசாரணை முடியும்வரை பழைய வரி ஓராண்டு தொடரவும் சட்டம் இடம் தருகிறது. அமெரிக்காவைப் பாருங்கள். சீனப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்மீது 1984-இல் போட்ட வரி 40 ஆண்டுகளாக நீடிக்கிறது. நம் வீடுகளில் புண் கழுவ ஊதா நிறத்தில் கரைப்பார்களே, அதே உப்புத்தான். குழந்தைத் தொழில் என்று சொல்லித் தூக்கியதை நாற்பது வயதிலும் இடுப்பிலேயே வைத்திருக்கிறார்கள்.

நம்மால் இறக்கிவைக்க முடியும் என்பதற்கும் சான்று உண்டு. பாலியஸ்டரின் மூலப்பொருளான பி.டி.ஏ. மீதான வரியைப் பொது நலன் கருதி நீக்குவதாக 2020 பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். 2010 முதல் இருந்த விஸ்கோஸ் பஞ்சு வரி 2021 ஆகஸ்டில் போயிற்று. தமிழக நூற்பாலைகள் பல ஆண்டுகள் விடாமல் கேட்டதற்குப் பலன். கேட்க ஒரு சங்கம் இருந்தது, கணக்கு இருந்தது, டெல்லிக்குப் போய்வர ஆள் இருந்தது. களைக்கொல்லிக்கும் லாரி டயருக்கும் அப்படி யார் இருக்கிறார்கள்?

வழக்கின் பொதுக் கோப்பை ஒருமுறை புரட்டிப் பார்த்தால் தெரியும். உற்பத்திச் செலவு, நியாய விலை, லாபம் என்று தலைப்பு இருக்கும். எண் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று நட்சத்திரக் குறிகள். நிறுவன ரகசியம் காக்கப்பட வேண்டியதுதான். ஆனால், வாங்குபவர் தலையில் எவ்வளவு ஏறும் என்பது யாருடைய ரகசியமும் அல்ல. ஏக்கருக்கு எத்தனை ரூபாய், டயருக்கு எத்தனை ரூபாய் என்று நான் மேலே போட்ட மாதிரிக் கணக்கை ஒவ்வொரு நீட்டிப்புப் பரிந்துரையிலும் டிஜிடிஆரே வெளியிட வேண்டும். முதல் ஐந்தாண்டில் மனுதாரர் ஆலையை விரிவுபடுத்தினாரா, செலவைக் குறைத்தாரா என்பதையும் எழுத வேண்டும். ஒன்றும் செய்யாதவருக்கு நீட்டிப்பு இல்லை. செய்து கொண்டிருப்பவருக்கு இரண்டாண்டோ மூன்றாண்டோ கொடுக்கலாம். ஐந்தாண்டுகள் 'வரை' என்றுதான் சட்டம் சொல்கிறது, முழு ஐந்தும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மீதி நம் கையில். 1995-ஆம் ஆண்டு விதிகளில் ஆறாம் விதி, பொருளைப் பயன்படுத்தும் தொழில்களுக்கும், சில்லறையில் விற்கும் பொருள் என்றால் நுகர்வோர் அமைப்புகளுக்கும், விசாரணையில் தகவல் தர வாய்ப்பு அளிக்கிறது. அதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. லாரி உரிமையாளர்கள் மூன்று ஆண்டு டயர் ரசீதுகளையும், விவசாயிகள் மருந்துக்கடை பில்களையும் சேர்த்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. 2025-இல் போட்ட வரிகளின் ஆயுள் 2030-இல் முடிகிறது. நீட்டிப்பு மனுக்கள் அதற்குப் பல மாதங்கள் முன்பே ஜீவன் தாராவுக்குப் போய்விடும்.

- கட்டுரையாளர், இறக்குமதித் தீர்வை வழக்குகளில் ஆலோசகர்.