வகுப்பறையில் உருவாகும் ஆசிரியர்

மூன்றாம் ஆண்டு வகுப்பில் கணிதப் பாடம் தொடங்குகிறது. பின்னத்தை விளக்க, பயிற்சி ஆசிரியர் ஒருவர் வண்ணத்தாளில் வட்ட வடிவப் பீட்சா செய்து கொண்டுவந்திருக்கிறார். நாள் பாடத்திட்டத்தில் பீடிகைக்கு ஐந்து நிமிடமே ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால், அந்தத் தாள் பீட்சாவை யார் பிடிப்பது என்ற சச்சரவிலேயே பதினைந்து நிமிடம் கரைந்துவிடுகிறது. வகுப்பின் பின்புறம் அமர்ந்திருக்கும் வழிகாட்டி ஆசிரியர் அமைதியாகக் குறிப்பெடுக்கிறார். அந்தப் பாடம் தோல்வியுற்றது எனப் பலர் கூறக்கூடும். உண்மையில், ஆசிரியர் ஒருவர் உருவாகத் தொடங்குவது இத்தகைய நாளில்தான்.

மலேசியாவில் தகுதிபெற்ற ஆசிரியராவதற்குப் பல படிகளைக் கடக்க வேண்டும். எஸ்.பி.எம். தேர்வுக்குப்பின் தொடக்கப்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிப்போர், மலாய்மொழி, வரலாறு உள்ளிட்ட பாடங்களில் நல்ல தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். நேர்முகத் தேர்விலும் தேறவேண்டும். தேர்வு பெற்றோர், நாடு முழுவதும் 27 வளாகங்களைக் கொண்ட ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஆயத்தப் படிப்பையும், அதனைத் தொடர்ந்து நான்காண்டு பட்டப்படிப்பையும் மேற்கொள்வர். இடைநிலைப்பள்ளியில் கற்பிக்க விரும்புவோர் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பயில்வர். தஞ்சோங் மாலிமில் 1922ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்வு பெற்ற சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று.

இப்படிகளுள் மிக முக்கியமானது பள்ளியில் மேற்கொள்ளும் கற்பித்தல் பயிற்சியாகும். கழக மாணவர்கள் இதனை வழக்கமாக 4, 8, 12 வாரங்கள் என மூன்று கட்டங்களாக மேற்கொள்வர். பாடத்தை நன்கு அறிந்தவருக்கு இத்தனை வாரப் பயிற்சி எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. ஆசிரியர் பற்றாக்குறை ஏற்படும்போது இக்கேள்வி இன்னும் வலுவாக எழுகிறது.

இதற்கான விடை அந்தக் கணித வகுப்பிலேயே இருக்கிறது. எட்டு என்பது நான்கைவிடப் பெரிய எண். ஆகவே, எட்டில் ஒரு பாகம் நான்கில் ஒரு பாகத்தைவிடப் பெரியது என ஒரு மாணவன் நினைக்கலாம். பின்னக் கணக்குகளைத் தவறின்றிச் செய்யும் பட்டதாரிக்கு, இப்படியும் ஒருவர் நினைக்கக்கூடும் என்பதே தோன்றாமல் போகலாம். மாணவரின் முகத்தைப் பார்த்து, அவர் எழுதியதைத் திருத்தி, ஏன் அப்படி எழுதினார் என்று கேட்டால்தான் அது புலப்படும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது இங்கு முற்றிலும் பொருந்தும்.

பிள்ளைகளின் கல்வி பயிற்சி ஆசிரியர்களால் பாதிக்கப்படுமோ எனப் பெற்றோர் அஞ்சுவதும் நியாயமே. மூன்றாம் ஆண்டை ஒரு மாணவர் மீண்டும் பயில இயலாது. அதனால்தான், பயிற்சி ஆசிரியரைத் தனியே விட்டுவிடாமல் வழிகாட்டி ஆசிரியரும் விரிவுரையாளரும் அவரது பாடத்தைப் பார்வையிடுகின்றனர்; குறைகளை எடுத்துரைக்கின்றனர். பயிற்சி ஆசிரியரும் சிந்தனை மீட்சியில் தம் தவற்றை எழுதி, அடுத்த பாடத்தைச் செம்மைப்படுத்துகிறார். இந்தக் கண்காணிப்பு முறையாக நடந்தால் பெற்றோரின் அச்சம் குறையும். மாறாக, பயிற்சியின்றி நேரே வகுப்பறைக்குள் நுழைபவரின் தவறுகளை யார் பார்ப்பார்? அவற்றின் விளைவை மாணவர்களே சுமக்க வேண்டியிருக்கும்.

எனினும், பயிற்சி வெறும் சடங்காகிவிடக் கூடாது. விரிவுரையாளர் வரும் நாளில் மட்டும் பயிற்றுத் துணைப்பொருள்களை அடுக்குவதும், விடை தெரிந்த மாணவர்களை மட்டுமே எழுப்பிக் கேட்பதும் யாருக்கும் பயன் தரா. பார்வையிடுவோரும் கோப்பின் அழகைவிட, நேற்றைய பிழை இன்று திருத்தப்பட்டதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். புள்ளிகள் குறையுமே என்ற அச்சத்தில் பிழையை மறைப்பவர், ஆசிரியரான பின்னரும் அதையே செய்யக்கூடும்.

இதில் மாணவர்களுக்கும் பங்குண்டு. புதிய பயிற்சி ஆசிரியரைக் கேலி செய்து சோதித்துப் பார்ப்பது சில வகுப்புகளில் விளையாட்டாகவே நடக்கிறது. அதற்கு மாறாக, “புரியவில்லை, ஐயா. மறுபடியும் விளக்குங்கள்” என்று ஒரு மாணவர் நேர்மையாகக் கேட்டால், அப்பயிற்சி ஆசிரியர் வேறு வழியில் விளக்க முயல்வார். அந்த முயற்சியில் அவர் கற்றுக்கொள்வது, பின்னாளில் அவரிடம் பயிலவிருக்கும் எத்தனையோ மாணவர்களுக்கு உதவும். இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்களுள் சிலர், சில ஆண்டுகளில் வெண்கட்டியுடன் அதே இடத்தில் நிற்கக்கூடும். அப்போது அவர்களுக்கும் பொறுமையுள்ள ஒரு வகுப்பு தேவைப்படும்.