காருக்குள் சிரிப்பு வாயு: பட்டனைத் தொடும் முன்...

டிக்கியில் ஒரு நீலச் சிலிண்டர். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சிவப்பு பட்டன். அழுத்தினால் கார் அம்பு மாதிரிப் பாயும். 2001-ல் ‘தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்’ படம் வந்த பிறகு, உலகம் முழுக்க இளைஞர்கள் மனதில் ஒட்டிக்கொண்ட காட்சி இது. இன்றைக்கு அதே காட்சி செல்போனில் அரை நிமிட வீடியோவாக வருகிறது. கல்லூரிக்குப் போகும் பையன், ‘நம்ம காருக்கும் நைட்ரஸ் போடலாமா?’ என்று கேட்கிறான். அப்பாவுக்கு அது என்னவென்றே தெரியாது. அம்மாவுக்கு ‘சிலிண்டர்’ என்ற வார்த்தையே வயிற்றைக் கலக்குகிறது.

‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் முடித்தால் பையன் கேட்கப்போவதில்லை. விஷயத்தை முழுசாகத் தெரிந்துகொண்டு பேசினால், அவனே யோசிப்பான்.

அது எரிபொருள் அல்ல!

நைட்ரஸ் ஆக்ஸைடுக்குச் செல்லப் பெயர் சிரிப்பு வாயு. பல் பிடுங்கும்போது வலி தெரியாமலிருக்க 1844-ல் அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் இதைத் தனக்கே கொடுக்கச் செய்து பார்த்தார். ஆபரேஷன் தியேட்டர்களில் மயக்க மருந்தோடு சேர்த்து இன்றும் பயன்படுத்துகிறார்கள். இரண்டாம் உலகப்போரில், காற்று குறைவாக இருக்கும் உயரத்தில் விமான இன்ஜின் திணறாமலிருக்க ஜெர்மானியர்கள் இதைச் செலுத்தினார்கள். அங்கிருந்துதான் இது பந்தயக் கார்களுக்கு வந்தது.

பலரும் நினைப்பதுபோல இந்த வாயு தானாக எரியாது. எரிவதற்குத் துணை நிற்கும். சாதாரணக் காற்றில், எடைக் கணக்கில் 23 சதவிகிதம்தான் ஆக்ஸிஜன். நைட்ரஸ் ஆக்ஸைடில் அது 36 சதவிகிதம். இன்ஜினுக்குள் சுமார் 300 டிகிரி சூட்டில் இந்த வாயு உடைந்து ஆக்ஸிஜனை விடுவிக்கிறது. கூடுதல் ஆக்ஸிஜன் இருப்பதால் கூடுதல் பெட்ரோலை எரிக்கலாம். அதனால் கூடுதல் சக்தி. திரவமாக வரும் வாயு ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றைக் குளிர வைப்பதால், இன்னும் கொஞ்சம் காற்று அடர்த்தியாக உள்ளே போகும்.

இதில் கவனிக்க வேண்டியது ‘கூடுதல் பெட்ரோல்’ என்பதைத்தான். ஆக்ஸிஜன் மட்டும் கூடி, பெட்ரோல் அதற்கேற்ப வரவில்லை என்றால் இன்ஜினுக்குள் சூடு எக்கச்சக்கமாக ஏறும். பெட்ரோல் சீராக எரியாமல் வெடித்து எரியும். சுத்தியலால் தட்டுவதுபோலச் சத்தம் வரும். சில விநாடிகள் போதும், அலுமினிய பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும். நைட்ரஸ் போட்டு இன்ஜின் போனது என்று சொல்லப்படும் கதைகளில் பலவற்றுக்கும் காரணம், அந்த நேரத்துக்குப் போதாமல் போன பெட்ரோல்தான்.

மூன்று நிமிடச் சமாச்சாரம்

குடும்பங்கள் வைத்திருக்கும் 1.2 லிட்டர் பெட்ரோல் கார்களின் சக்தி சுமார் 80 முதல் 90 குதிரைத்திறன். அதில் 50 குதிரைத்திறன் கூட்டுகிற நைட்ரஸ் செட் பொருத்தினால், நாலரை கிலோ வாயு கொண்ட ஒரு சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும்? விட்டுவிட்டு அழுத்தினாலும், மொத்தமாகக் கணக்குப் போட்டால் மூன்று நிமிடத்தைச் சுற்றித்தான். அதன் பிறகு டிக்கியில் இருப்பது வெறும் சுமை.

திரும்ப நிரப்ப பெட்ரோல் பங்க் மாதிரி மூலைக்கு மூலை இடம் கிடையாது. ‘ஆஸ்பத்திரி சிலிண்டரிலிருந்து பிடித்துத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால், அந்த இடத்தை விட்டு உடனே கிளம்புவது நல்லது. அழுத்த வாயுவைச் சிலிண்டரில் நிரப்ப 2016-ம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகளின்படி உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் ஷெட்டில் வைத்து மாற்றுவது குற்றம். அதோடு, ஒரு சிலிண்டர் அளவுக்கு மேல் நிரம்பினால் பக்கத்தில் நிற்பவர் உயிருக்கும் ஆபத்து.

முறைப்படி பொருத்துவது என்றால்...

வெளிநாடுகளில் பந்தயத் தளத்தில் ஓட்டுகிறவர்கள் இதை எப்படிப் பொருத்துகிறார்கள் என்று பார்த்தால், அந்தச் சிவப்பு பட்டன் எவ்வளவு சின்ன விஷயம் என்பது புரியும்.

* முதலில் இன்ஜின் ஆரோக்கியம். நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரெஷன் சரியாக இருக்கிறதா என்று அளப்பார்கள். எண்ணெய் குடிக்கும் பழைய இன்ஜினுக்கு நைட்ரஸ் கிடையாது.

* பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர் இரண்டும் கூடுதல் பெட்ரோலைத் தர வல்லவையா என்று சோதிப்பார்கள். பெட்ரோல் அழுத்தம் குறைந்த அந்த நொடியே நைட்ரஸை நிறுத்திவிட ஒரு பாதுகாப்பு சுவிட்ச் வைப்பார்கள்.

* ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால்தான் வாயு போக வேண்டும். அதற்கு ஒரு சுவிட்ச். இன்ஜின் சுமார் 3,000 சுற்றுக்கு மேல் போன பிறகே திறக்க, உச்ச வேகத்துக்கு முன்பே மூட, இன்னொரு சுவிட்ச். குறைந்த வேகத்தில் வாயு உள்ளே போனால், காற்று போகும் குழாயிலேயே தீ வெடிக்கலாம்.

* ஸ்பார்க் பிளக்கை, சூட்டை வேகமாக வெளியேற்றும் வகைக்கு மாற்றுவார்கள். கூட்டுகிற ஒவ்வொரு 50 குதிரைத்திறனுக்கும் பொறி விழும் நேரத்தைச் சுமார் 2 டிகிரி தள்ளி வைப்பார்கள்.

* வாயு செல்லும் குழாய், எஃகு இழை பின்னியதாக இருக்க வேண்டும். இணைப்புகளில் எண்ணெயோ கிரீஸோ பட்டிருக்கக் கூடாது. ஆக்ஸிஜனைத் தரும் வாயுவும் எண்ணெயும் அழுத்தத்தில் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

* சிலிண்டர், விபத்திலும் பெயர்ந்து வராதபடி காரின் உடலோடு போல்ட் போட்டுப் பிடிக்கப்பட வேண்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்திருக்க வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகு கிளட்ச், கியர்பாக்ஸ், பிரேக், டயர் இருக்கின்றன. அவை 80 குதிரைத்திறனுக்காகச் செய்யப்பட்டவை. இதில் ஒன்றை விட்டாலும், மற்றதெல்லாம் செய்தும் பயனில்லை. ‘செட் மட்டும் வாங்கிக்கொண்டு வா தம்பி, அரை நாளில் மாட்டிவிடலாம்’ என்கிற இடத்தில் இவற்றில் எத்தனை நடக்கும்?

நம்ம ஊர் வெயிலும் சிலிண்டரும்

கார் டயரில் காற்று 30, 33 என்று வைக்கிறோம் அல்லவா? அதே அளவுகோலில், 21 டிகிரி வெப்பத்தில் நைட்ரஸ் சிலிண்டருக்குள் அழுத்தம் சுமார் 750. சூடு ஏற ஏற அதுவும் ஏறும்.

இந்த வாயுவுக்கு ஒரு முக்கியமான எல்லை உண்டு: 36.4 டிகிரி. அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாக நிற்காது. அந்த எல்லையை நெருங்கும்போதே அழுத்தம் 1,000-ஐத் தாண்டிவிடும். பிறகு இன்னும் வேகமாக ஏறும். சித்திரை, வைகாசியில் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நிழலிலேயே அந்த எல்லையைத் தாண்டும் நாட்கள் உண்டு. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வெளியில் இருப்பதைவிட எவ்வளவு சூடு என்று, கதவைத் திறந்து சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

அழுத்தம் எல்லை மீறினால் வால்வில் உள்ள பாதுகாப்புத் தகடு உடைந்து வாயுவை வெளியேற்றும். சிலிண்டர் வெடிக்காமல் காப்பது அதுதான். ஆனால், அந்த வாயு காரின் வெளியே போக ஒரு குழாய் வைத்திருக்க வேண்டும். வைக்காவிட்டால் மொத்தமும் காருக்குள்ளேயே நிரம்பும். ஆக்ஸிஜனைத் தள்ளிவிட்டு, ஓட்டுகிறவரையும் பின் சீட்டில் தூங்கும் குழந்தையையும் மயக்கத்தில் ஆழ்த்தும். மூச்சுத் திணறி உயிர் போகவும் வாய்ப்புண்டு. நேராகக் கையில் பட்டால் கொப்புளம் வரும். காரணம், அது மைனஸ் 88 டிகிரியில் கொதிக்கும் பொருள்.

இன்னொன்றையும் வீட்டில் சொல்லிவைக்க வேண்டும். ‘சிரிப்பு வாயுதானே’ என்று விளையாட்டுக்குக்கூட முகரக் கூடாது. வண்டிக்கென்று விற்கப்படும் வாயுவில், யாரும் முகரக் கூடாது என்பதற்காகவே சல்ஃபர் டை ஆக்ஸைடு கலப்பது வழக்கம். சுத்தமான வாயுவையே திரும்பத் திரும்ப முகர்ந்தாலும் உடலில் வைட்டமின் பி12 செயலிழந்து, நரம்பு பாதித்து, நடை தடுமாறும் நிலை வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

டி.என். 16 திண்டிவனமாக இருந்தாலும், டி.என். 32 விழுப்புரமாக இருந்தாலும், சட்டம் ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

‘சி.என்.ஜி. சிலிண்டர் வைக்கிறார்களே?’ என்று கேட்கலாம். அது மாற்று எரிபொருள். அங்கீகரிக்கப்பட்ட கிட்டை முறைப்படி பொருத்தி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யில் பதிந்துகொள்ளச் சட்டமே வழி வைத்திருக்கிறது. வேகத்துக்காக வைக்கும் நைட்ரஸுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

சாலையில் பந்தயம் விட்டால் 189-வது பிரிவு இருக்கிறது. முதல் முறை மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. ஓட்டியவர் 18 வயது நிரம்பாதவர் என்றால், 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும்; வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் நிறுவனம் கைவிரிக்கலாம். வாரன்டியும் போகும்.

பத்து நிமிடத்துக்காக...

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அரை மணி நேரம். 120-ல் போனால் 20 நிமிடம். மிச்சம், ஒரு டீ குடிக்கிற நேரம்.

அதற்குக் கொடுக்கும் விலை என்ன? வேகம் ஒன்றரை மடங்கானால், மோதலின் சக்தி இரண்டே கால் மடங்கு. 120-ல் ஒரு விநாடிக்கு 33 மீட்டர் கடக்கும் கார், ஓட்டுகிறவர் பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அந்த 33 மீட்டரைத் தாண்டியிருக்கும். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று ஊர்கள் வந்துகொண்டே இருக்கும் சாலை அது. மோட்டலிலிருந்து பேருந்து வெளியே வரும். முண்டியம்பாக்கம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர், பின்விளக்கு இல்லாமல் முன்னால் ஊர்ந்துகொண்டிருக்கும். சாலையைக் கடக்கும் பாட்டிக்கு, தூரத்தில் வரும் காரின் டிக்கியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. வழக்கமான வேகத்தை வைத்துத்தான் அவர் காலை எடுத்து வைப்பார்.

ஆசை இருக்கிறதே, என்ன செய்ய?

வேகத்தின் மேல் ஆசை வருவது தப்பில்லை. அதற்கென்று இடம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயத் தளம் 1990 முதல் இயங்குகிறது. திண்டிவனத்திலிருந்து சுமார் இரண்டு மணி நேரப் பயணம். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. அங்கே எதிரே வண்டி வராது. ஹெல்மெட், ஆம்புலன்ஸ், தீயணைப்பு, கொடி காட்டும் ஆட்கள் எல்லாம் உண்டு. இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கூட்டமைப்பின் உரிமம் பெற்று முறைப்படி ஓட்டலாம். எந்தப் போட்டியில் என்ன பொருத்தலாம் என்பதற்கு அங்கே எழுதிவைத்த விதிமுறையும், பரிசோதிக்க ஆளும் இருப்பார்கள்.

வீட்டுக் காரை இன்னும் சுறுசுறுப்பாக ஓட்ட வேண்டும் என்றால், நல்ல டயர், சரியான காற்று, புதிய பிரேக் பேட், சுத்தமான ஏர் ஃபில்டர், நேரத்துக்கு சர்வீஸ், இவையே போதும். பையனோ பெண்ணோ அடுத்த முறை நைட்ரஸ் பற்றிப் பேச்செடுத்தால் திட்டாமல் உட்கார வைத்து, இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்: ‘பெட்ரோல் போதவில்லை என்றால் வாயுவை எது நிறுத்தும்? வெயிலில் நிற்கும்போது சிலிண்டர் சூட்டுக்கு யார் பொறுப்பு? ஆர்.சி.யில் இதை எப்படிப் பதிவாய்?’

முதல் இரண்டுக்கு விவரம் தெரிந்த பிள்ளை பதில் சொல்லிவிடும். மூன்றாவதற்குப் பதில் இல்லை. பேச்சை அங்கிருந்து இருங்காட்டுக்கோட்டை பக்கம் திருப்பிவிடுங்கள். அடுத்த பந்தயம் என்றைக்கு என்று விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.