சார்ஜண்ட் பயிற்சிக்குப் போற தம்பிகளுக்கும் அவங்க பெற்றோருக்கும்: ஒரு த்ரெட்

1/ மகன் தேக்கோங் தீவுல அடிப்படைப் பயிற்சி முடிச்சு, சிங்கப்பூர் ராணுவத்தோட ஸ்பெஷலிஸ்ட் கேடட் ஸ்கூலுக்குத் தேர்வாகியிருக்கானா? வாழ்த்துகள். என்னென்ன வாங்கணும்னு லிஸ்ட் வாட்ஸ்அப்ல வந்திருக்கும். அதுல இல்லாத ஒண்ணை ஒரு டாக்டரா சொல்றேன்.

2/ தம்பி, பாசிர் லாபா முகாம்ல என்ன எதிர்பார்க்கலாம்? இதுவரை சொன்னதைச் செஞ்சா போதும். இனி முறை வெச்சு உன்னையே தலைவனா நிறுத்துவாங்க. தூக்கம் குறையும். முதுகுல மூட்டையோட நடக்கணும், காட்டுல ராத்தங்கணும். தேறினா தேர்ட் சார்ஜண்ட்.

3/ இதெல்லாம் கஷ்டம்தான். ஆனா என்னைப் பயமுறுத்துறது ரெண்டு சொல்: 'சாவ் கெங்'. உடம்பு சரியில்லைன்னு நடிச்சு டபாய்க்கிறவன்னு அர்த்தம். பல பசங்க காய்ச்சலுக்குப் பயப்படுறதில்லை, இந்தப் பேருக்குத்தான் பயப்படுறாங்க.

4/ ஓடும்போது தசை சூட்டைக் கிளப்பும். வியர்வை ஆவியானாதான் அந்தச் சூடு இறங்கும். நம்ம ஊர் ஈரக்காத்துல வியர்வை சொட்டுமே தவிர சீக்கிரம் ஆவியாகாது. உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளை தடுமாறினா அது ஹீட் ஸ்ட்ரோக்.

5/ "வியர்க்குதே, ஒண்ணுமில்லை"ன்னு நினைக்காதீங்க. உழைப்பால வர்ற ஹீட் ஸ்ட்ரோக்ல வியர்வை நிக்காமலும் இருக்கலாம். உளறல், தள்ளாட்டம், காரணமில்லாத கோபம்: இதுதான் அடையாளம். அப்போ முதல் வேலை குளிர்விக்கிறது. ஐஸ் தண்ணில உடம்பை முக்கணும். ஆஸ்பத்திரி அதுக்கப்புறம். 30 நிமிஷத்துக்குள்ள சூடு இறங்கினா பிழைக்க நல்ல வாய்ப்பு.

6/ 2018ல 8 கிலோமீட்டர் வேகநடைக்குப் பிறகு ஒரு தேசிய சேவையாளர் ஹீட் ஸ்ட்ரோக்ல இறந்தார். அந்த இடத்துலயே போதுமான அளவு குளிர்விக்கலை, கொண்டுபோகவும் தாமதம்னு விசாரணைக் குழு சொன்னது. அதுக்கப்புறம் விதிகள் இறுகின. ஆனா விதிமுறை, மறைக்கிறவனைக் காப்பாத்தாது.

7/ "நிறைய தண்ணி குடி, போதும்"னு அம்மாக்கள் சொல்வாங்க. போதாது. நேத்து வயிற்றுப்போக்கு, ராத்திரி தூக்கமில்லை, ஒரு வாரம் ஏசி ரூம்ல லீவு: எத்தனை பாட்டில் குடிச்சாலும் இதெல்லாம் சரியாகாது. அளவுக்கு மீறிக் குடிச்சா ரத்தத்துல உப்பு குறைஞ்சு வலிப்பே வரலாம்.

8/ கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோப்பி-ஓ நிறத்துல வந்தா, தசை சிதைஞ்சு சிறுநீரகத்தைத் தாக்குதுன்னு சந்தேகப்படணும். விடியட்டும்னு காத்திருக்காதே.

9/ "எங்க காலத்துல இதெல்லாம் பார்க்கலையே" - அப்பாக்கள் சொல்றது. உங்க காலத்துல பிழைச்சவங்கதான் இப்ப கதை சொல்றீங்க.

10/ "போர்ல எதிரி எம்சி கேட்டா விடுவானா?" விட மாட்டான்தான். ஆனா இது பயிற்சி. எதிரி சுடுறதுக்கு முன்னாடியே நம்ம ஆளை நாமே விழ வைக்கிறதுக்குப் பேர் வீரம் இல்லை. நடிக்கிறவனும் இருப்பான், ஒத்துக்கிறேன். அதைக் கண்டுபிடிக்க வேண்டியது டாக்டர். செக்‌ஷன் நடுவுல நின்னு சிரிக்கிறவங்க இல்லை.

11/ இதை ஏன் சார்ஜண்ட் பயிற்சிக்குப் போறவன்கிட்ட குறிப்பா சொல்றேன்? சில மாசத்துல ஒரு புதுப் பையன் உன் முன்னாடி வந்து, "சார்ஜண்ட், தலை சுத்துது"ம்பான். அவனை உக்கார வைக்கிறதா, "ஓடு"ன்னு விரட்டுறதா? டாக்டர் பக்கத்துல இல்லாத அந்த ஒரு நிமிஷம், அவன் உயிர் உன் கையில.

12/ தன் காய்ச்சலை மறைச்சே சார்ஜண்ட் ஆனவன், அடுத்தவன் காய்ச்சலை நம்ப மாட்டான். அதனால முதல் வாரமே பழகு: உடம்பு முடியலைன்னா ரிப்போர்ட் சிக். வெட்கமே வேண்டாம்.

13/ பெற்றோரே, சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் "எத்தனை மார்க்?"னு கேட்காதீங்க. "உடம்பு எப்படிப்பா இருக்கு?"ன்னு கேளுங்க. அவன் சொல்றதை நம்புங்க.